சீனி இறங்கிய நாள்

ரிமாண்ட் சிறைச்சாலை
12.02.2023

அன்புள்ள விஜயகலாவுக்கு,

நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நீயும் மகள் நிரோஷினியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நாலு மாதமாகிறது. நீ ஒரு தடவைகூடப் பார்க்க வரவில்லை. என் அக்கா தங்கம்மா மட்டும் நிவித்திகலையில் இருந்து இரண்டு தரம் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். நான் கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். உன் தம்பி அஜந்தனை நான் வெட்டிக் கொன்றுவிட்டேன் என்று பொலிஸ்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விஜயா, றப்பர்ப் பால் வெட்டுகிற கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு காலையில் றப்பர் மலைக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. ஒரு இருபது மரம் வெட்டியிருப்பேன். பிறகு கண் திறந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் விலங்கோடு. நடுவில் ஒன்றுமே இல்லை.

போன கிழமை இங்கே ஒரு டொக்டர் வந்தார். பஸ்னா என்று பெயர், நம்ம தமிழிலேயே பேசுகிறவர். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்களக் கொண்டு வந்த நேரம் ரத்தத்துல சீனி முப்பத்தொண்டு. இத யாராச்சும் ஒங்களுக்குச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"கூடிப்போச்சுங்களா மிஸ்?" என்றேன்.

"கூடல்ல, எறங்கி. எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்து. முப்பத்தொண்டுல மூளைக்கு ஒண்டும் வெளங்காது. முன்னால நிக்கிறது ஆருன்டும் தெரியாது."

அவர் என் க்ளினிக் கொப்பியைப் பார்த்து விளங்கப்படுத்தியதை அப்படியே எழுதுகிறேன். முதலில் எனக்குப் பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை தந்தார்கள் அல்லவா, அடிக்கடி ஒன்றுக்குப் போக வைக்குமே, அது சிலருக்குச் சீனியைக் கூட்டுமாம். எனக்கும் கூடியது. அதற்காகச் சீனியைக் குறைக்கிற மாத்திரையை இரண்டு மடங்காக்கினார்கள். பிறகு நாட்டிலேயே மருந்து இல்லாமல் போனபோது தண்ணீர் மாத்திரை நின்றது. அதற்குப் பதிலாக அட்டெனலோல் என்ற வேறு பிரஷர் மாத்திரை கிடைத்தது. சீனியைக் கூட்டிய மாத்திரை போய்விட்டது, குறைக்கிற மாத்திரை மட்டும் இரண்டு மடங்காகவே இருந்தது. வீட்டில் மாவும் இல்லாத காலம். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன்.

இன்னொன்றும் சொன்னார். சீனி இறங்கினால் கை நடுங்குமாம், நெஞ்சு படபடக்குமாம். அதை வைத்து ஆள் சுதாரித்து எதையாவது சாப்பிட்டுவிடும். இந்தப் புது மாத்திரை அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மூடிவிடும், வியர்வையை மட்டும் மூடாது என்றார். "ஒங்களுக்கு வேர்க்கல்லயா?" என்று கேட்டார்.

"றப்பர் மலையில ஏறி எறங்குற எல்லாருக்கும் வேர்க்கும் மிஸ்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இப்போது இரண்டு மாத்திரையையும் மாற்றிவிட்டார்கள். விஜயா, அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ பக்கத்தில் இருந்தாய். தயவுசெய்து எழுது.

உன் கணவன்
ஸ்ரீதரன்


கீழ் டிவிஷன் லயம், தெஹியோவிட்ட
05.03.2023

நிரோஷினி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. அஜந்தன் நிரோஷினிக்குச் சட்டைத் துணி எடுத்துக்கொண்டு முதல் நாள்தான் றக்வானையில் இருந்து வந்திருந்தான். எனக்கு அன்று வேலை இல்லை. பத்தரை மணிபோல நீங்கள் மலையில் இருந்து இறங்கி வந்தீர்கள். கையில் வாளி இல்லை. நேரே லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் இருக்கிற இலட்சுமியக்கா வாசலில் போய் உட்கார்ந்தீர்கள். அவர் கோழிக்கு வைத்திருந்த சட்டியை உதைத்து உடைத்தீர்கள். அவர் பயந்துபோய் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வந்து கையைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தீர்கள். முன் பல் ஒன்று உடைந்து நாக்கில் வந்தது. துப்பினேன்.

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பகலிலேயே குடிக்கத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அஜந்தன்தான் உங்கள் முகத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான். "அக்கா, மச்சான் குடிக்கலக்கா. வாய மோந்து பாத்தேன். கோகிலா அம்மாவுக்கு ஒரு நாள் இப்படித்தான் ஆச்சு. சீனி எறங்கிருச்சு. சுருக்கா சீனி கொண்டாங்க" என்றான். அவன் மனைவி கோகிலாவின் அம்மா சீனிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், அதனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீனியாவது மண்ணாவது. இருவத்திரெண்டு வருசமா நான் பாக்காத ஆட்டமா? விடுடா, அடிச்சு முடிச்சிட்டு அவரே படுத்துருவாரு" என்றேன்.

அவன் கேட்கவில்லை. நம் வீட்டில் சீனியும் இல்லை. இலட்சுமியக்கா கதவைத் தட்டி ஒரு கை சீனி வாங்கி, தம்ளரில் கரைத்து, உங்களுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். இடது கையால் உங்கள் தாடையைப் பிடித்தான். "மச்சான், ஒரு வாய் குடிங்க. நான் அஜந்தன்" என்றான். நீங்கள் இடுப்பில் இருந்து கத்தியை எடுத்தீர்கள். முதல் வெட்டு தோளில் விழுந்தது. தம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தால் தப்பியிருப்பான். சிந்தாமல் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மச்சான், ஒண்ணுமில்ல" என்றான். இரண்டாவது வெட்டு கழுத்தில். பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. எத்தனை என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் எண்ணவில்லை.

அதன் பிறகு நீங்களும் விழுந்தீர்கள். வலிப்பு வந்தது. பால் ஏற்றுகிற லொறியில், பீப்பாய்களுக்கு நடுவில், உங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொண்டுபோனோம். நிரோஷினி துவாயைச் சுருட்டி மாமாவின் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். வலிப்பில் உங்கள் கால் அவள் முதுகில் உதைத்துக்கொண்டே வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி கேட் தெரிகிறபோது அவன் விரல்கள் சில்லிட்டுவிட்டன.

திரும்பி வந்தபோது வாசலில் சீனித் தண்ணீர் கொட்டிய இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. இரத்தம் எது, சீனி எது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

அப்போது கோகிலாவுக்கு ஆறு மாதம். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அஜந்தனின் மூக்கு.

இதுதான் நடந்தது.

விஜயகலா


ரிமாண்ட் சிறைச்சாலை
02.07.2023

அன்புள்ள விஜயாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. பஸ்னா டொக்டர் ஏசிச் சாப்பிட வைத்தார். அஜந்தனை என் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவன் நான். நம் கல்யாணத்தில் அவன் ஒன்பது வயதுப் பையன், என் சால்வையைப் பிடித்துக்கொண்டே திரிந்தான். நீ எழுதியதை நம்ப முடியவில்லை. ஆனால் நீ பொய் எழுத மாட்டாய்.

அவன் புள்ளை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

விஜயா, இப்போது ஒரு முக்கியமான காரியம். அக்கா ஒரு லோயர் பிடித்திருக்கிறார். நல்லவர். டொக்டரின் சாட்சி மட்டும் போதாது, மனைவியும் வந்து சொல்ல வேண்டும் என்கிறார். எனக்கும் அஜந்தனுக்கும் பகை இருந்தது என்று அரசாங்கத் தரப்பு காட்டப் பார்க்கிறதாம். 2019இல் உன் தோள்பட்டை எலும்பு உடைந்தபோது அஜந்தன்தான் உன்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் முறைப்பாடு போட வைத்தான் அல்லவா. அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். நான் அடிக்கிற பழக்கம் உள்ளவன், அந்தக் கோபத்தில்தான் வெட்டினேன் என்று சொல்லப் போகிறார்கள்.

நீ கோர்ட்டில் இப்படிச் சொல்ல வேண்டும். நாங்கள் சந்தோஷமாக வாழ்ந்தோம், அவர் என்மேல் கை வைத்ததே இல்லை, எலும்பு உடைந்தது நான் வழுக்கி விழுந்து, தம்பிதான் தவறாக நினைத்துவிட்டான். அப்படி இல்லையென்றால், அதுவும் இந்த நோயால்தான் என்று சொல். யோசித்துப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. எல்லாமே இந்தச் சீனியின் வேலைதான். நான் அப்படிப்பட்ட மனிதனா, சொல்?

உன் ஒரு வார்த்தையில் என் உயிர் இருக்கிறது. நிரோஷினிக்கு அப்பா வேண்டும்.

உன்
ஸ்ரீதரன்


கீழ் டிவிஷன் லயம்
30.07.2023

நிரோஷினி அப்பாவுக்கு,

உங்களுக்குச் சீனி இருக்கிறது என்று கண்டுபிடித்தது 2020 மாசி மாதம். தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துச் சொன்னார்கள். என் எலும்பை உடைத்தது 2019 ஆவணியில். அப்போது உங்களுக்கு ஒரு மாத்திரையும் இல்லை.

அந்த நாள் உங்களுக்கு மறந்திருக்கும். மகளிர் சங்கத்தோடு நான் கதிர்காமம் போய்வந்த மறுநாள். உங்களைக் கேட்காமல் போனேன் என்று கோபம். நான் சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு. இரண்டு தட்டுச் சாப்பிட்டீர்கள். எழுந்து போய்க் கை கழுவினீர்கள். துண்டில் துடைத்துக் கொடியில் காயப் போட்டீர்கள். அதற்குப் பிறகுதான் விறகுக் கட்டையை எடுத்தீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட ஆளுக்கு எப்படிச் சீனி இறங்கும்?

நிரோஷினி எட்டு மாதம் வயிற்றில் இருந்தபோது பீலிக்கரையில் என்னைத் தள்ளினீர்கள். குடம் என்மேல் விழுந்தது. அப்போது உங்களுக்கு இருபத்தெட்டு வயது. மரம் ஏறி இறங்கினாலும் மூச்சு வாங்காத உடம்பு. அதுவும் பிரஷர் மாத்திரையா?

டொக்டர் சொன்னதை நான் நம்பாமல் இல்லை. தெஹியோவிட்டவில் இருக்கிற மருந்துக்கடை ஆஸிக்கிடமும் கேட்டேன், அப்படி ஆகும் என்றார். கை நடுங்கியிருந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றார். உங்களுக்கு நடுங்கவில்லைதான். அந்த வீட்டில் நடுங்கியது எப்போதும் நானும் பிள்ளையும்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. தம்பியைக் கொன்றது நோய் என்றே வைத்துக்கொள்வோம். அவன் "சீனி கொண்டாங்க" என்று சொன்னதும் நான் ஓடிப்போய் எடுத்து வந்து, நாலு பேரைக் கூப்பிட்டு உங்கள் கையைப் பிடிக்க வைத்திருந்தால் அவன் இருந்திருப்பான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஏன்? நீங்கள் அடிக்கிறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எது நோய், எது நீங்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது. முதல் பார்வையில் அவனுக்குத் தெரிந்தது, இருபத்திரண்டு வருடம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை. அதை எந்த டொக்டர் மாத்திரையில் காட்டுவார்?

கோர்ட்டுக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்தால் வருவேன். ஆனால் வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

விஜயகலா


20.10.2023

விஜயகலா,

இந்தக் கடிதத்தை ஜெயிலர் பார்க்க மாட்டார். நாளை வெளியே போகிற ஸம்சுதீன் என்ற ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதனால் மனசில் உள்ளதை எழுதுகிறேன்.

நீ எழுதியதை லோயரிடம் காட்டினேன். இந்தப் பொம்பிளை கூண்டில் ஏறினால் உன்னைத் தூக்கு மரத்தில் ஏற்றிவிடுவாள் என்றார். ஒரு வருடம் முழுசாக யோசித்துக் கடைசியில் இதுதான் உன் முடிவா? உனக்குச் சோறு போட்டவன், மழையில் காம்பிரா ஒழுகியபோது தகரம் மாற்றியவன் நான். அதெல்லாம் உன் கணக்கில் வராது. நான் அடித்ததை மட்டும் மாதம், வருடம், என்ன குழம்பு என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாய்.

நன்றாகக் கேட்டுக்கொள். இந்தக் கதவு என்றைக்காவது ஒரு நாள் திறக்கும். திறந்தால் நான் முதலில் வருகிற இடம் உன் வாசல். அன்று கூண்டில் என்ன சொன்னாய் என்று நானே கேட்பேன். உன் தம்பியோடு சேர்த்து உன்னையும் அன்றே முடித்திருந்தால் இன்றைக்கு எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆள் இருந்திருக்காது.

நிரோஷினியிடம் சொல், அப்பா கேட்டதாக.

ஸ்ரீதரன்


ரிமாண்ட் சிறைச்சாலை
14.08.2025

விஜயாவுக்கு,

ஒன்றரை வருடத்துக்கு மேல் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்த மாதிரி ஒரு கடிதத்தை எழுதிவிட்டு அடுத்த கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

கோர்ட்டில் நீ என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ மெலிந்துவிட்டாய். முன் பல் இல்லாத இடத்தை உதட்டால் மூடி மூடிப் பேசினாய்.

அரசாங்க லோயர் அந்தப் பொலிஸ் முறைப்பாட்டை எடுத்தார். எலும்பு உடைந்தது உண்மையா என்று கேட்டார். "உண்மைங்க" என்றாய். எத்தனை தடவை அடித்திருப்பார் என்று கேட்டார். "எண்ணலைங்க" என்றாய். என் லோயர் தலையில் கை வைத்துக்கொண்டார். அரசாங்க லோயர் நீதிபதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உன்னிடம் திரும்பினார். வழக்கமாக அடிக்கிறவர்தானே, அன்றைக்கு மட்டும் நோய் என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார்.

நீ சொன்னாய்.

"மத்த நாள்ல அடிக்கிறப்ப எம் பேரைச் சொல்லித்தாங்க அடிப்பாரு. அடியே விஜயான்னு சொல்லிச் சொல்லி அடிப்பாரு. அன்னைக்கி நான் கையப் புடிச்சப்ப என்னப் பாத்து, நீங்க யாரும்மான்னு கேட்டாருங்க. கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து என்னை ஒரு நாளும் நீங்கன்னு சொன்னதில்லைங்க. அன்னைக்கித்தான் மரியாதையாப் பேசுனாரு. அதனாலதான் சொல்றேன். அன்னைக்கி அது அவரு இல்லைங்க."

நீ தமிழில் சொன்னதை ஒரு தடவை கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னதை இன்னொரு தடவை கேட்டேன். பின்னால் இருந்து யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். நீ திரும்பச் சொன்னாய். மூன்றாவது தடவையும் கேட்டேன்.

நான் அப்படிக் கேட்டதாக நீ எனக்கு எழுதவே இல்லையே விஜயா.

டொக்டர் பஸ்னாவும் ஆஸ்பத்திரிக் காகிதமும் மிச்சத்தைச் சொல்லின. கொலைக் குற்றம் நிற்காது என்று நேற்று தீர்ப்பு வந்தது. சிறிய குற்றமாக மாற்றி, உள்ளே இருந்த காலமே போதும் என்றார்கள். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை விடுகிறார்கள்.

நீ என்னைக் காப்பாற்றினாய். அந்தக் கடிதத்தில் எழுதியதெல்லாம் இந்தச் சுவருக்குள் பைத்தியம் பிடித்து எழுதியது. மன்னித்துவிடு. நான் வீட்டுக்கு வரலாமா? இனிமேல் உன்னை நீங்கள் என்றே கூப்பிடுகிறேன்.

ஸ்ரீதரன்


கீழ் டிவிஷன் லயம்
18.08.2025

நிரோஷினி அப்பாவுக்கு,

வர வேண்டாம்.

உங்களைக் காப்பாற்ற நான் சொல்லவில்லை. என் தம்பி உயிர் போகிற நேரத்திலும், இது மச்சானின் வேலை இல்லை, சீனியின் வேலை என்று நம்பினான். நான் மாற்றிச் சொன்னால் அவன் ஒரு முட்டாளாகச் செத்தவன் ஆகிவிடுவான். அவன் சரியாகத்தான் பார்த்தான் என்று பெரிய கோர்ட்டில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதிவிட்டார்கள்.

அதற்கு என்ன கிடைத்தது தெரியுமா? கோர்ட் வாசலில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கோகிலா என் கன்னத்தில் அறைந்தாள். "ஒங்க புருஷன வெளிய எடுத்துட்டீங்க. எம் புருஷன எடுத்துத் தாங்க" என்றாள். இன்னொரு தடவையும் அறைந்தாள். நான் தடுக்கவில்லை. அவளோடு இருந்த உறவு அங்கேயே முடிந்தது. அஜந்தன் மகளை இனி நான் தூக்க முடியாது.

நீங்கள் என்று கூப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை உங்கள் வாயில் இருந்து நான் ஒரு தடவை கேட்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றும் பார்த்தேன்.

காம்பிரா இப்போது என் பேரில் இருக்கிறது. பால் வெட்டுகிறவள் நான், தோட்டத்துச் செக்ரோல் பதிவில் பேர் என்னுடையது. தோட்டத்துத் துரையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஸம்சுதீன் கொண்டுவந்து தந்த கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் கத்தியைக் கதவுக்கு மேலே சொருகி வைத்திருக்கிறேன். தினமும் தீட்டுகிறேன், வேலைக்கு வேண்டும் என்பதால் மட்டும் இல்லை. நீங்கள் வாசலுக்கு வந்தால் நான் அந்த இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அப்புறம் எனக்காகச் சாட்சி சொல்ல எந்த டொக்டரும் வர மாட்டார், தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

தங்கம்மா அண்ணியோடு நிவித்திகலையில் இருங்கள். மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதீர்கள். அண்ணிக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

விஜயகலா


நிவித்திகலை
21.09.2025

விஜயகலாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். நேற்று நடந்ததை நிரோஷினி சொல்லியிருப்பாள். என் வாயாலும் நீ கேட்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நீ வேண்டாம் என்று சொல்லியும் நேற்றுக் காலை நான் கிளம்பினேன். இரத்தினபுரி வந்து, அவிசாவளை வந்து, பதினொரு மணிக்குத் தெஹியோவிட்டவில் இறங்கினேன். அக்கா சொன்னபடி தாஸிம் நானா கடையில் சாப்பிட்டேன். மூன்று ரொட்டி, பருப்பு, ஒரு பிளேன்டி. நான் குடிக்கவில்லை. வெளியே வந்ததில் இருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. வாசலில் நின்று உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன்.

தோட்டத்துப் பஸ்ஸுக்காக நின்றபோது நிரோஷினி வந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு வளர்ந்துவிட்டாள். என்னைக் கண்டதும் நின்றாள். "அப்பா, அம்மா வர வேணாம்னு எழுதுச்சில்ல? திரும்பிப் போங்க" என்றாள்.

"அம்மாவப் பாத்துட்டுப் போயிருவேன் புள்ள."

"வேணாம்ப்பா. போங்க. இல்லாட்டி நான் பொலிசுக்குப் போவேன்."

பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. என் மகள், என்னிடம், நடுத் தெருவில். விஜயா, நான் அவள் தலைமயிரைப் பிடித்தேன். "என்னடி நிரோஷினி, பெரிய மனுஷி ஆயிட்டியா" என்று சொல்லிக்கொண்டே அறைந்தேன். இரண்டு தரம். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. அவள் பேரைச் சொல்லித்தான் அறைந்தேன்.

அவள் அழவில்லை. கையை உதறிக்கொண்டு பின்னால் போனாள். பைக்குள் கையை விட்டு ஒரு டொபியை எடுத்துத் தோலை உரித்தாள். கிட்டே வராமல், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "சாப்பிடுங்கப்பா. சீனி எறங்கியிருக்கும். சாப்பிடுங்க" என்றாள். அந்தக் கை நடுங்கியது.

பஸ் கண்டக்டர் சிங்களத்தில் "மே மனுஸ்ஸயா லெடெக்நே" என்றான். ஆமாம், பாவம், நோயாளி மனுஷன் என்று சனமும் சொன்னது. தாஸிம் நானா என்னைக் கூட்டிப்போய்க் கடைக்குப் பின்னால் வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு, "இரிங்க, சீனித் தண்ணி கொண்டாறேன்" என்றார். எல்லாரும் எனக்காக இரக்கப்பட்டார்கள். நானும் அதை நம்பினேன்.

பஸ்னா டொக்டர் வெளியே வரும்போது சீனி பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று தந்திருந்தார். சட்டைப் பையில் இருந்தது. எடுத்து விரலில் குத்தினேன். இரத்தத்தை வைத்துவிட்டு, கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டேன். சீனி இறங்கியிருக்க வேண்டும் சாமி, முப்பத்தொன்று இல்லாவிட்டாலும் அறுபதாவது காட்டு என்று கும்பிட்டேன்.

நூற்று நாற்பத்தாறு.

மெஷின் பிழையாக இருக்கும் என்று இன்னொரு விரலில் குத்தினேன். நூற்று நாற்பத்தெட்டு. சாப்பிட்ட மனிதனுக்கு இருக்க வேண்டிய அளவுதான். தாஸிம் நானா சீனித் தண்ணீரோடு வந்தார். வேண்டாம் நானா, எனக்கு ஒரு நோயும் இல்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

அவிசாவளைப் பஸ் வந்தது. ஏறினேன். நிரோஷினி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் போகிறேனா என்று பஸ் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அஜந்தனைக் கொன்றது என் நோய். அதைக் கோர்ட் எழுதிவிட்டது. 20.09.2025 சனிக்கிழமை பதினொன்றரை மணிக்குத் தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டில் என் மகளை அடித்தது ஸ்ரீதரன். சாப்பிட்டிருந்தேன், மாத்திரை சரியாகப் போட்டிருந்தேன், சீனி நூற்று நாற்பத்தாறு, யாரை அடிக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இதை என் கையெழுத்தில் எழுதிக் கீழே பேரையும் போட்டிருக்கிறேன். கிழிக்காமல் வைத்துக்கொள். நான் மறுபடியும் அந்தப் பஸ்ஸில் ஏறி வந்தால் நிரோஷினியிடம் கொடுத்துப் பொலிசில் காட்டச் சொல்.

க. ஸ்ரீதரன்